பாதம் தூக்க வராவிட்டால்: அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ.யா, நரம்புக் கடத்தல் சோதனையா?

பாதத்தை மேலே தூக்க முடியவில்லை, நடக்கையில் செருப்பு கழன்று போகிறது என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது முதுகு எம்.ஆர்.ஐ.தான். 50 வயதைத் தாண்டியவர் என்றால் அதில் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கித் தெரிவது சகஜம். அதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டால், பாதத்தைத் தூக்கும் தசைகளை இயக்கி, முழங்காலின் வெளிப்பக்கம் நசுங்கிக் கிடக்கும் பெரோனியல் நரம்பை யார் பார்ப்பது?

ஸ்கேனுக்கு முன், கையால் பரிசோதிக்கும்போதே ஒரு துப்பு கிடைக்கும். பாதத்தை உள்பக்கம் திருப்பும் பலமும் குறைந்திருந்தால் கீழ்முதுகில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் எல்5 நரம்பு வேரைச் சந்தேகிக்கலாம். அந்தப் பலம் அப்படியே இருந்தால் சந்தேகம் முழங்கால் பக்கம் திரும்பும்.

நரம்பில் லேசான மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை, அடைப்பு எந்த இடத்தில், எவ்வளவு என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. தசையில் ஊசி வைத்து அதன் மின் அசைவைப் பார்க்கும் ஈ.எம்.ஜி.யில் தசையின் மாற்றம் முழுதாகத் தெரிய 2, 3 வாரம் பிடிக்கும்.

அந்த 'ஏன்' அல்ட்ராசவுண்டில் கண்ணுக்குத் தெரிகிறது. ஜெல் தடவி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் ஃபிபுலா எலும்பின் தலைக்குப் பின்னால் புரோபை (ஸ்கேன் கருவியின் கைப்பிடி முனை) குறுக்காக வைத்தால் நல்ல நரம்பு தேன்கூடு மாதிரி இருக்கும். நசுங்கிய நரம்பு வீங்கி, கறுத்து, அந்தக் கண்ணறைகள் கலைந்திருக்கும். சிலருக்கு நரம்புக்குள்ளேயே கன்னங்கரேலென்று ஒரு நீர்க்கட்டி. பக்கத்து மூட்டிலிருந்து ஒரு சின்னக் கிளை நரம்பு வழியாக ஏறிவந்த நீர் அது. அறுவை சிகிச்சையில் அந்தக் கிளையையும் துண்டிக்காவிட்டால் கட்டி திரும்ப வரலாம். தொழுநோயில் நரம்பு தடித்திருக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்டில் நரம்புக்குள் ரத்த ஓட்டம் மினுக்கினால் அழற்சி கனன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக் கூடாத நேரம் அது. காலை மடக்கி நீட்டச் சொல்லிக்கொண்டே பார்க்கும் வசதி வேறு.

எம்.ஆர்.ஐ. ஜெயிக்கும் இடங்களும் உண்டு. முதுகெலும்புக்குள்ளும், பிட்டத்தில் ஆழமாக ஓடும் சயாட்டிக் நரம்பிலும் அல்ட்ராசவுண்ட் திணறும். சிறுநீர் அடைத்துக்கொண்டு காலும் பலமிழந்தால் அன்றைக்கே முதுகு எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும். இரண்டு பாதமும் சமமாக மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிக்கு அல்ட்ராசவுண்டால் பெரிய லாபமில்லை.

முழங்கால் பக்கம்தான் கோளாறு என்று சந்தேகம் வந்தால், கடத்தல் சோதனையோடு அல்ட்ராசவுண்டையும் சேர்த்தே கேட்பேன். பார்க்கிறவர் கைப்பழக்கம் முக்கியம், நரம்பு பார்த்துப் பழகியவராக இருக்கட்டும். சீட்டில் 'இரண்டு காலும்' என்று எழுதி வாங்குங்கள். நல்ல காலின் நரம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் லேசான வீக்கம் பிடிபடும்.