செத்தாபாக்கில் ஒரு கலைஞரின் வீடு

கோலாலம்பூரின் செத்தாபாக் பகுதியில், மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லி தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்த வீடு, 1986 முதல் அவருடைய நினைவு இல்லமாகத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பராமரிப்பில் இருந்து வருகிறது. பாடகர், இசையமைப்பாளர், நடிகர், கதாசிரியர், இயக்குநர் என ஒரே மனிதர் ஏற்ற வேடங்களைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் தலைநகரில் இல்லை என்பது என் கருத்து. அளவில் மிகச் சிறிய இல்லம்தான். ஆனால் அவசரமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாத இடம்.

நம்மவர்கள் ஒரு செய்தியை மனத்தில் கொண்டு செல்ல வேண்டும். 1929இல் பினாங்கில் பிறந்த ரம்லியின் குரலை அடையாளம் கண்டு, 1948இல் சிங்கப்பூர் திரையுலகுக்கு அழைத்தவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் என்னும் இந்திய இயக்குநர். அங்கே பின்னணி பாடியும் சிறு வேடங்களில் நடித்தும் வந்தவரை, 1950இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் கதாநாயகனாக்கித் தம் சொந்தக் குரலிலேயே பாட வைத்தவர் நம் தமிழரான எல். கிருஷ்ணன். ஐந்தே ஆண்டுகளில் ரம்லி தாமே இயக்குநரானார்.

1964இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்த பின் அவருடைய புகழ் மங்கியது. 1973 மே 29 அன்று, 44 வயதில், மாரடைப்பால் மறைந்தார். அந்தக் கடைசிக் காலத்தை நினைத்தபடி இவ்வறைகளில் நடக்கும்போது நெஞ்சு கனக்கிறது. பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். முந்தைய நாள் இரவு அவருடைய பாடல்கள் சிலவற்றைக் கேட்க வைத்துவிட்டு.