சிரிஞ்சை உங்கள் கண்முன் பிரிக்கவில்லையா? எழுந்து வந்துவிடுங்கள்

‘லிப் ஃபில்லர் 1 எம்.எல். வெறும் 5,999, இந்த வாரம் மட்டும்’ என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வந்தால் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபில்லர் என்பது உதடு, கன்னம் போன்ற இடங்களை எடுப்பாக்க ஊசியால் செலுத்தும் ஜெல். ஜுவெடெர்ம், ரெஸ்டிலேன் மாதிரி பேர்போன கம்பெனிகளின் 1 மில்லி சிரிஞ்சு, வாங்கும் மருத்துவருக்கே இதைவிட அதிக விலையில்தான் கிடைக்கிறது. பெருநகரங்களில் ஒழுங்கான கிளினிக்கில் ஒரு சிரிஞ்சு போட்டுக்கொள்ள 20,000 முதல் 40,000 ரூபாய் வரை ஆகும். அப்படியானால் 5,999க்கு உங்கள் உதட்டுக்குள் போவது என்ன?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. இன்னொருவருக்குப் போட்டு மீந்த பாதி சிரிஞ்சு. அல்லது இறக்குமதி உரிமம் இல்லாமல் ஆன்லைனில் வாங்கிய, பெயர் கேள்விப்படாத ஜெல். அதுவும் இல்லையென்றால் ஃபில்லரே இல்லாத, தோலுக்கு ஈரப்பதம் தரும் ‘ஸ்கின் பூஸ்டர்’ ஊசி. இந்த மூன்றாவது ஏமாற்று உயிருக்கு ஆபத்தில்லாதது, பணம்தான் போகும். பெரும்பாலான ஃபில்லர்களின் மூலப்பொருளான ஹயலுரானிக் ஆசிட் பூஸ்டரிலும் இருக்கிறது. ஆனால் ஃபில்லரில் அந்த மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாக்கியிருப்பார்கள், பூஸ்டரில் அந்தப் பின்னல் இருக்காது, இருந்தாலும் மிகக் குறைவு. அதனால் போட்ட அன்று வீக்கத்தில் உதடு எடுப்பாகத் தெரியும், சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். கேட்டால் ‘உங்க பாடிக்கு சீக்கிரம் கரைஞ்சிடுச்சு மேம், இன்னொரு சிட்டிங் போடலாம்’ என்பார்கள். ஒழுங்கான ஹயலுரானிக் ஃபில்லர் உதட்டில் 6 முதல் 12 மாதம் இருக்கும், கன்னத்துக்கென்று செய்த கெட்டி வகை 18 மாதம், 2 வருடம்கூடத் தாங்கும். ஒரு மாதத்தில் எல்லாம் போய்விட்டதென்றால் உங்கள் உடம்பைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

மீந்த சிரிஞ்சு விஷயம் வேறு. ஏமாற்று நடக்கும் இடத்தைக் கவனித்தால் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வரும். மரத்துப்போகும் கிரீம் தடவி 30 நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள். உள்ளே கூப்பிடும்போது ஸ்டீல் ட்ரேயில் சிரிஞ்சு ஏற்கெனவே தயாராக இருக்கும், ஊசி மாட்டியபடி. பெட்டி எங்கே என்று கேட்டால் ‘ஸ்டோர்ல இருக்கு’. சிரிஞ்சின் உடம்பில் உள்ள கோடுகளைப் பாருங்கள்: ரப்பர் முனை 1.0 கோட்டில் நிற்க வேண்டும். 0.6லோ 0.5லோ நின்றால் மீதி யாருக்கோ போயிருக்கிறது. ஊசியை மாற்றினால் போதும் என்று சொல்வது பொய். தோலுக்குள் போய்வந்த ஊசி வழியாக அடுத்தவரின் ரத்தம் சிரிஞ்சுக்குள் நுழைந்திருக்கலாம். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாமே இந்த வழியில் பரவக்கூடியவை. உங்கள் சிரிஞ்சிலேயே மீதியை ‘ஃப்ரிட்ஜில் வைக்கிறோம், அடுத்த மாதம் டச்-அப்’ என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். திறந்த சிரிஞ்சு ஒருவருக்கு, ஒரே வேளைக்கு மட்டும்.

சரியான முறை எப்படி இருக்கும் என்றால், சீல் பிரிக்காத பெட்டியை உங்கள் கையில் கொடுப்பார்கள். பெட்டியில் இருக்கும் பெயர், லாட் எண், காலாவதித் தேதி மூன்றும் உள்ளே பிளிஸ்டரில் (சிரிஞ்சை மூடியிருக்கும் சீல் வைத்த பிளாஸ்டிக் உறை) ஒட்டியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் இந்திய இறக்குமதியாளரின் முகவரியும் உரிம எண்ணும் பெட்டியில் அச்சாகியிருக்கும். பிளிஸ்டரை உங்கள் எதிரில் கிழிப்பார்கள். உள்ளே கிழித்து ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஒன்று உங்கள் கேஸ் ஷீட்டில், ஒன்று உங்கள் கையில். அந்த ஸ்டிக்கரைத் தர மறுப்பவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம். சில வகைகள் ஒரே பெட்டியில் இரண்டு சிரிஞ்சாக வரும், அதை வைத்து ‘ஒரு பெட்டி’ விலையை ‘ஒரு சிரிஞ்சு’ விலை மாதிரிப் பேசுவதும் உண்டு. பில்லில் மில்லி கணக்கு எழுதச் சொல்லுங்கள்.

எத்தனை மில்லி தேவை என்பதிலும் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் தடவை உதட்டுக்கு அரை மில்லியில் இருந்து ஒரு மில்லி தாராளம். கண்ணுக்குக் கீழ்ப் பள்ளத்துக்கு ஒரு பக்கத்துக்கு 0.3 முதல் 0.5, கன்னத்துக்கு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1. ஒரே நாளில் ‘ஃபுல் ஃபேஸ் 8 எம்.எல். பேக்கேஜ்’ விற்பவர் உங்கள் முகத்தைப் பார்த்து விலை சொல்லவில்லை, ஸ்டாக்கைப் பார்த்துச் சொல்கிறார். உதட்டில் அளவு மீறினாலோ மூன்று மாதத்துக்கொரு தடவை ‘டச்-அப்’ போட்டாலோ ஜெல் உதட்டுக் கோட்டைத் தாண்டி மேலே ஏறி, மீசை இடத்தில் ஒரு திண்டு போல நிற்கும். கண்ணுக்குக் கீழே கெட்டி ஜெல்லை மேலாகப் போட்டால் தோலுக்கடியில் நீலமாகத் தெரியும். எந்தக் கன்சீலரும் மறைக்காது, கரைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கரைப்பது என்றதும் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். ஹயலுரானிடேஸ் என்ற என்சைம் ஹயலுரானிக் ஆசிட் ஃபில்லரை மட்டுமே கரைக்கும். கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் (ரேடியஸ்), பாலி-எல்-லாக்டிக் ஆசிட் (ஸ்கல்ப்ட்ரா), பி.எம்.எம்.ஏ. (நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள்), திரவ சிலிகான் எதற்கும் அது வேலை செய்யாது. ‘பெர்மனன்ட் ஃபில்லர், வாழ்நாள் கேரண்டி’ என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் கடைசி இரண்டில் ஒன்று. திரவ சிலிகானை முகத்தில் செலுத்த அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தரவேயில்லை. பல வருடம் கழித்துக் கட்டி கட்டியாகத் திரண்டு வரும், கத்தி வைத்தாலும் முழுதாக எடுக்க முடியாது. கூடவே ‘ஊசியே இல்லை’ என்று விற்கும் ஹயலுரான் பேனாவும்: அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சும் அந்தக் கருவியை உதட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021 அக்டோபரிலேயே எஃப்.டி.ஏ. எச்சரித்துவிட்டது. எவ்வளவு ஆழம் போகிறது என்பது பிடித்திருப்பவர் கையிலேயே இல்லை.

நல்ல இடத்தில் போட்டால்கூட என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால்தான் எது தப்பு என்று தெரியும். உதடு முதல் 2, 3 நாள் ஏகமாக வீங்கும், ஒரு பக்கம் கூடுதலாக வீங்குவதும் சகஜம். ரத்தக்கட்டு 7 முதல் 10 நாளில் மஞ்சளாகி மறையும். உண்மையான வடிவம் 2 வாரம் கழித்துத்தான் தெரியும், அதற்கு முன் ‘இன்னும் கொஞ்சம்’ கேட்பதும் தப்பு, போடுவதும் தப்பு. அந்த இரண்டு வாரம் பார்லர் ஃபேஷியல், மசாஜ், பல் சிகிச்சை வேண்டாம். உதட்டில் அக்கி வந்த வரலாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள், வைரஸ் மாத்திரை கொடுத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். முகப்பரு பழுத்திருந்தாலோ சளி, காய்ச்சல் இருந்தாலோ தள்ளிப்போடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் போடுவதில்லை. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதை எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் தாங்களே நிறுத்திவிடக் கூடாது. இதில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கிரீம் தடவ ஆரம்பிக்கும் இடமா? அதுவே பதில்.

இப்போது நிஜமான ஆபத்து. ஜெல் ரத்தக்குழாய்க்குள் போனாலோ வெளியிலிருந்து அதை நெரித்தாலோ அந்தப் பகுதிக்கு ரத்தம் நின்றுவிடும். அறிகுறி இப்படி வரும்: ஊசி போடும்போதே தோல் சட்டென்று வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் வலை பின்னியது மாதிரி ஊதா, சாம்பல் திட்டுகள். வலி கூடிக்கொண்டே போகும், ஆனால் ஃபில்லரிலேயே மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் கலந்திருப்பதால் முதல் சில மணி நேரம் வலி தெரியாமலும் போகலாம். இரண்டாம், மூன்றாம் நாள் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள், அப்புறம் கறுத்துப் புண்ணாகும். வீட்டில் சோதிக்க எளிய வழி: விரலால் அழுத்திவிட்டு எடுங்கள், 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாமதமாகத் திரும்பினாலோ திரும்பாவிட்டாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

பார்லர்காரர்கள் இந்த இடத்தில்தான் முகத்தைக் கெடுக்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் போட்டோ அனுப்பினால் ‘பிரூஸிங்தான் மேம், ஐஸ் வைங்க’ என்று பதில் வரும். ரத்தக்கட்டுக்கு ஐஸ் சரி. ரத்தம் நின்ற தோலுக்கு ஐஸ் குழாயை இன்னும் சுருக்கும். செய்ய வேண்டியது ஹயலுரானிடேஸை உடனே, தாராளமாக, அடைபட்ட பகுதி முழுக்கச் செலுத்துவது. நிறம் திரும்பும்வரை ஒரு மணி நேரத்துக்கொரு முறை மறுபடியும். உதட்டில் சின்னப் பகுதிக்கே ஒரு தடவைக்கு 500 யூனிட் வரை தேவைப்படும். நம்மூரில் 1,500 யூனிட் குப்பியாகக் கிடைக்கிறது, ஒரு குப்பி வைத்துக்கொண்டு ‘எங்களிடம் இருக்கிறது’ என்பது கதைக்கு உதவாது. ஊசிக்கு முன்பே கேளுங்கள்: எத்தனை குப்பி இந்த ரூமில் இருக்கிறது, காட்டுங்கள். விலை பேரம் பேசுவதைவிட இந்த ஒரு கேள்வி முக்கியம். தேனீ, குளவி கொட்டி உடம்பெல்லாம் அலர்ஜி ஆனவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூக்கும் இரு புருவத்துக்கு நடுவும் மிக மோசமான இடங்கள். அங்கே ஓடும் குழாய்கள் கண்ணுக்குப் போகும் தமனியின் கிளைகள். அழுத்தித் தள்ளிய ஜெல் பின்னோக்கிப் போய், விழித்திரைக் குழாயில் அடைத்துக்கொண்டால் பார்வை போய்விடும். 2015இல் வந்த ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அதுவரை உலகளவில் பதிவான 98 பார்வையிழப்புகளைத் திரட்டியது. அடுத்த சில வருடங்களுக்குள் இன்னும் 48 சேர்ந்தன. போடும்போது திடீரென்று கண் இருட்டினால், கண் வலித்தால், இமை தொங்கினால், கூடவே வாந்தி வந்தாலும் அது நிற்கட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விழித்திரை தாங்குவது ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். ‘மூக்கு ஃபில்லர் 15 நிமிஷத்தில்’ என்று ரீல்ஸ் போடுபவரின் பக்கத்தில் கண் டாக்டர் இருப்பதில்லை.

கரைப்பதும் சும்மா இல்லை. 2025 ஜூலையில் நடிகை உர்ஃபி ஜாவேத் தன் உதட்டு ஃபில்லரைக் கரைத்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அந்த வீக்கம் மறந்திருக்காது. அது சில நாளில் வடிந்துவிடும். ஆனால் செலவும் வலியும் இரண்டாம் தடவை.

யாரிடம் போவது? எம்.பி.பி.எஸ்.க்கு மேல் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ, இல்லையென்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். ‘சர்டிஃபைட் காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்று சுவரில் மாட்டிய நான்கு நாள் பயிற்சிச் சான்றிதழ் மருத்துவப் பட்டம் ஆகாது. பெயரையும் பதிவு எண்ணையும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பட்டியலில் தேடிப் பாருங்கள். போர்டில் டாக்டர் பெயர் இருந்து ஊசியை வேறொருவர் பிடித்தால் அது இன்னொரு வகை ஏமாற்று. தமிழ்நாட்டில் சிகிச்சை தரும் இடம் 1997ஆம் ஆண்டு கிளினிக்கல் எஸ்டாபிளிஷ்மென்ட்ஸ் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், அந்தச் சான்றிதழையும் கேட்கலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: முதலில் முகத்தைக் காப்பாற்றுங்கள், சண்டை அப்புறம். மெடிக்கல் காலேஜ் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ நல்ல தோல் மருத்துவரிடமோ நேராகப் போய், என்ன போட்டார்கள், எப்போது, எவ்வளவு என்று சொல்லுங்கள். நாளுக்கு இரண்டு தடவை ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். பில், ஜி-பே ரசீது, விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்ஆப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். ‘பணம் திருப்பித் தருகிறோம், மெசேஜை டெலீட் பண்ணுங்க’ என்று கேட்பார்கள். டாக்டர் இல்லாமல் ஊசி போட்டிருந்தால் உங்கள் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார். போலிச் சரக்கு என்று சந்தேகம் இருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும். டாக்டரே அலட்சியமாக நடந்திருந்தால் மருத்துவ கவுன்சிலுக்கு. நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாவிட்டால் 1915க்கு அழைத்துக் கேளுங்கள்.