ஃபாசிலா, ஜுஜுட்சுவா: ஒரு வாரப் பழக்கத்தை நம்பி எவ்வளவு சொல்லலாம்?

நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் பல ஆண்டுகளாகப் பழகிய கை வேறு எதைத் தொட்டாலும் முதல் நாளில் தடுமாறத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றத்தை மென்பொருளின் குறையாக எழுதிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான், என் சொந்தத் திட்டம் ஒன்றில் அதே வேலையைச் செய்யும் ஃபாசிலையும் ஜுஜுட்சுவையும் வாரத்துக்கு ஒன்றாக ஓட்டிப் பார்த்தேன். ஜுஜுட்சுவையே வைத்துக்கொண்டுவிட்டதால், இதை நடுநிலைத் தீர்ப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டும் இலவசம், நிறுவுவதிலும் சிரமம் இல்லை. ஃபாசிலை உருவாக்கியவர் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைத் தந்த ரிச்சர்ட் ஹிப்; எஸ்க்யூலைட்டின் மூலநிரலே அதில்தான் பராமரிக்கப்படுகிறது என்பதால், விளையாட்டுத் திட்டம் என்று ஒதுக்க வழியில்லை. முழு ரெப்போவும் (நிரலும் அதன் வரலாறும் சேர்ந்த களஞ்சியம்) ஒரே ஒரு எஸ்க்யூலைட் கோப்பு. டிக்கெட் (பிழைப் பட்டியல்), விக்கி (குறிப்புப் பக்கங்கள்) எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. பழைய வரலாற்றை மாற்றி எழுதும் ரீபேஸ் மட்டும் வேண்டுமென்றே கிடையாது. ஒரு கமிட்டின் (பதிந்த மாற்றத்தின்) செய்தியில் நேர்ந்த எழுத்துப்பிழையைத் திருத்தினால்கூட, பழையது அழியாமல் திருத்தம் தனிப் பதிவாகச் சேர்கிறது. முதல் மூன்று நாள் இது எனக்கு எரிச்சலூட்டியது. கமிட் செய்தவுடன் மாற்றம் சர்வருக்குப் போய்விடும் இயல்பான ஏற்பாடு ஐந்து பேர் குழுவுக்கு வரமாக இருக்கலாம். தனியாளாக வேலை செய்த எனக்கு அதன் அருமை தெரிய வாய்ப்பில்லை.

மார்ட்டின் ஃபான் ஸ்வைக்பெர்க் 2019இல் தொடங்கிய ஜுஜுட்சு ரஸ்ட் நிரல்மொழியில் எழுதப்பட்டது. கமிட்டில் எவை சேர வேண்டும் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் ஸ்டேஜிங் என்ற இடைக்கட்டமே அதில் இல்லை. வேலை செய்யும் ஃபோல்டரே ஒரு கமிட். மூன்றாம் நாள் ஒரு மாற்றத்தைத் தவறான கமிட்டோடு சேர்த்துவிட்டு, இரண்டு மணி நேர உழைப்பு குழம்பிவிட்டதே என்று பதறினேன். ‘ஜேஜே அன்டூ’ (ஜேஜே என்பது ஜுஜுட்சுவின் கட்டளை) என்று அடித்ததும் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. மறுநாள், பதிய வேண்டாத கோப்புகளுக்கான இக்னோர் பட்டியலில் சேர்க்க மறந்த கடவுச்சொல் கோப்பு ஒன்று தானாகவே கமிட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்ததை, சர்வருக்குப் புஷ் செய்வதற்குச் சற்று முன்புதான் கவனித்தேன். இடைக்கட்டம் இல்லாத வசதிக்கு அதுதான் விலை.

பெரிய ரெப்போவில் வேகம் எப்படி, ஐந்தாண்டு கழித்துப் பராமரிப்பு எப்படி என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் எப்படி வெளியேறுவது என்பதை மட்டும் ஒரே மாலையில் சோதித்துவிடலாம். ஆகவே, என் முடிவை அதன் மேலேயே நிறுத்தினேன். கிட்டோடு ஒரே ஃபோல்டரில் ஜுஜுட்சுவை வைத்திருந்தேன். அதற்கு ஒரு நகல் எடுத்து, ‘.ஜேஜே’ ஃபோல்டரை அழித்துவிட்டுக் கிட் லாகைப் பார்த்தபோது, என் கமிட்டுகள் அத்தனையும் வரிசையாக இருந்தன. கிட் எந்தக் கிளையிலும் நில்லாமல் ‘டிட்டாச்டு ஹெட்’ நிலையில் இருந்ததால், மெயின் என்ற முதன்மைக் கிளைக்கு ஒருமுறை மாற வேண்டியிருந்தது. ஜுஜுட்சுவில் நான் செய்த செயல்களின் பதிவேடு மட்டும் ஃபோல்டரோடு போய்விட்டது. ஒன்றோடொன்று மோதும் மாற்றங்களை, அதாவது தீர்க்காத கான்ஃப்ளிக்ட்டுகளைக் கமிட்டிலேயே வைத்திருப்பவர்கள், அவற்றை முதலில் தீர்த்துவிட்டு வெளியேறுவது நல்லது. ஃபாசிலிலிருந்தும் கமிட்டுகளைக் கிட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியும். ஆனால் டிக்கெட்டும் விக்கியும் கூட வருவதில்லை. அவற்றை நாமே தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த அளவுகோலே ஜுஜுட்சுவுக்குச் சாதகமானதுதான். கிட்டின் தோளில் ஏறி நிற்பதற்கு இறங்குவது எளிது. எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைத்து ஆண்டுக்கணக்கில் வாழச் சொல்லும் ஃபாசிலிடம் போய் முதல் வாரத்திலேயே வாசலைக் காட்டு என்பது கொஞ்சம் அநியாயம். ஜுஜுட்சுவிலும் கட்டளைப் பெயர்கள் இன்னும் நிலைபெறவில்லை. ‘பிராஞ்ச்’ என்றிருந்தது 2024இல் ‘புக்மார்க்’ ஆனது. ஒரு ரெப்போவுக்குள் இன்னொன்றை இணைக்கும் சப்மாட்யூல்களை அது கையாளாததால், அவற்றை நம்பி நிற்கும் அலுவலகத் திட்டத்துக்கு நான் அதைக் கொண்டுபோகவில்லை. கிட் வரலாறே இல்லாமல் இரண்டு மூன்று பேர் புதிதாகத் தொடங்கும் திட்டம் என்றால், ஃபாசிலையே எடுக்கச் சொல்வேன், ஆனால் குறைந்தது ஒரு மாதமாவது ஓட்டிப் பார்க்கும் பொறுமை அவர்களுக்கு இருக்க வேண்டும்.