ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதையும் எழுதி வைக்கும் நாய்க் காப்பகம்

நாகர்கோவிலை ஒட்டியுள்ள ஒரு சிறிய நாய்க் காப்பகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் குட்டிகளைச் சாக்கில் கட்டி வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால் பெயர் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டுப் பொன்னு அங்கிருந்து வந்தவள்தான். கறுப்பு, பெட்டை, நடுவயது. பொதுவாக யாரும் கேட்டு வராத ரகம்.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே என் கண்ணில் முதலில் பட்டது அலுவலக அறைக் கம்ப்யூட்டரில் இருந்த அட்டவணை. ஒரு நாய்க்கு ஒரு வரி. வந்த தேதி, எங்கிருந்து வந்தது, வயது, தடுப்பூசி, கருத்தடை, எந்தக் கூண்டு, போன தேதி. இதெல்லாம் எந்த இடத்திலும் இருக்கும். இவர்களிடம் கூடுதலாக ஒரு பத்தி உண்டு: பார்க்க வந்தவர்கள் ஏன் வேண்டாம் என்றார்கள். ‘வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை’, ‘பெட்டை வேண்டாம்’, ‘போட்டோவில் வேறு மாதிரி இருந்தது’ என்று வந்தவர்கள் சொன்னதை அப்படியே பதிந்திருக்கிறார்கள்.

அந்தப் பத்திதான் வேலை செய்கிறது. பெட்டை வேண்டாம் என்பவர்களில் பெரும்பாலோர் பயப்படுவது குட்டி போடுவதை நினைத்து. அதனால் இப்போது கூண்டு அட்டையின் முதல் வரியிலேயே ‘கருத்தடை ஆகிவிட்டது’ என்று பெரிதாக எழுதுகிறார்கள். கறுப்பு நாய்கள் தகரக் கூரை நிழலில் எடுத்த போட்டோவில் வெறும் இருட்டாகத் தெரிந்தன. காலை வெயிலில், முகம் தெரியும்படி திரும்ப எடுத்தார்கள். கடைசிக் கூண்டுவரை யாரும் நடந்து போவதில்லை என்பதும் பதிவில்தான் தெரிந்திருக்கிறது. அதிக நாள் காத்திருக்கும் நாய்க்கு இப்போது வாசல் பக்கக் கூண்டு. “பின்னால கிடந்தப்போ இவள ஒருத்தரும் பாக்கல்ல டீச்சர், முன்னால கொண்டுவந்த பொறவுதான் ஆளுக நின்னு பாத்தாவ” என்றான் பொன்னுவைப் பார்த்துக்கொண்ட பையன்.

அட்டையில் இனம் எழுதுவதில்லை. நம் ஊரில் முதல் கேள்வியே “ராஜபாளையமா, சிப்பிப்பாறை கிராஸா?” என்பதுதானே. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ஆரஞ்ச் கவுண்டி காப்பகம் 2014-இல் அட்டைகளில் இனப் பெயரை எடுத்துவிட்டது. அதன் பிறகு, ஆபத்தானவை என்று பலர் ஒதுக்கும் பிட்புல் வகை நாய்கள் முன்பைவிட அதிகமாகத் தத்துப் போயின, காத்திருந்த நாட்களும் குறைந்தன. அதைப் பற்றி வந்த ஆய்வைப் படித்துவிட்டு இவர்கள் செய்த மாற்றம் இது. பொன்னுவின் அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: ‘குழந்தைகளோடு பழகுவாள். பட்டாசுக்குப் பயப்படுவாள். சங்கிலி பிடிக்காது.’ மூன்றும் அச்சு அசல் உண்மை.

கணக்கு டீச்சராக எனக்கு நிறைவு தந்த விஷயம் ஒன்று. அவர்கள் சராசரியை நம்புவதில்லை. ஐந்து நாய்களில் நான்கு இருபதே நாளில் போய், ஒன்று மட்டும் இரண்டு வருடம் கிடந்தால் சராசரி 162 நாள் வரும். ஐந்தில் எந்த நாயின் கதையும் அது இல்லை. நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பார்த்தால் 20, ஆனால் அதில் அந்த ஒரு நாய் காணாமலே போய்விடும். அதனால் குட்டி, வளர்ந்தது, கிழடு என்று பிரித்து நடு எண்ணைப் பார்க்கிறார்கள். அதிக நாள் கிடப்பவற்றுக்குத் தனிப் பட்டியல். கார்த்திகை, மார்கழியில் குட்டிகள் வந்து குவியும், அவை சீக்கிரம் போய்விடும். அந்த மாதங்களின் எண்ணிக்கையை ஆடி மாதத்தோடு ஒப்பிட்டு மகிழ்வதில் அர்த்தமில்லை, போன வருடம் அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதையும் சரியாகச் செய்கிறார்கள். தத்துப் போன நாய் திரும்பி வந்துவிட்டால் எண்ணிக்கையில் கழித்துவிட்டு, திரும்பியதற்கான காரணத்தையும் எழுதுகிறார்கள். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறைகளும் உண்டு. தத்துக் கேட்பவர்களின் வீட்டைப் பார்க்கக் காப்பகத்தார் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருகிறார்கள். மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் என்றால் வாரக்கணக்கில் இழுக்கிறது. இடையில் மனம் மாறிப்போகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த இழப்பு அட்டவணையில் எங்குமே இல்லை. விண்ணப்பித்த தேதிக்கும் வீடு பார்த்த தேதிக்கும் நடுவே உள்ள நாட்களை எண்ணினாலே போதும், எங்கே ஆட்கள் நழுவுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பூனைகளுக்கு இன்னும் பழைய நோட்டுப் புத்தகம்தான். தத்துக் கொடுத்த பிறகு ஒரே ஒரு போன், அதோடு சரி. ஆறு மாதம் கழித்தும் ஒரு தடவை கேட்க வேண்டும். மூன்றையும் அவர்களிடமே சொல்லியிருக்கிறேன், பூனைகளின் நோட்டை அட்டவணையில் ஏற்றித் தருவதாக நானே ஒத்துக்கொண்டும் இருக்கிறேன்.

போகிறவர்கள் ஆதார் நகல் எடுத்துப் போங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குட்டிதான் வேண்டும் என்றால் வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கும், அதற்குப் பிறகு வருடா வருடம் போட வேண்டும். எந்த நாயைப் பார்ப்பது என்று குழப்பமாக இருந்தால் அதிக நாள் காத்திருப்பவர்களின் பட்டியலைக் கேளுங்கள், தயங்காமல் காட்டுவார்கள்.