ப்ளாண்டா, ஃபேரா: பொன்னிற முடிக்கு எந்த ஆங்கிலச் சொல்?

பொன்னிற முடியை ஆங்கிலத்தில் எழுத ப்ளாண்ட் என்று ஆரம்பித்த உடனே வரும் முதல் சந்தேகம், கடைசியில் ஈ (e) என்ற ஆங்கில எழுத்தைப் போடுவதா வேண்டாமா என்பதுதான். உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றே, எழுதும்போதுதான் சிக்கல். இது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே ஆண்பாலுக்கு ஈ கிடையாது, பெண்பாலுக்கு உண்டு. ஆங்கிலப் பெயரடைகள் பொதுவாகப் பால் பார்ப்பதில்லை, ஆனால் இது வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது.

பிரிட்டனில் பெண்ணின் முடி என்றால் ஈ போட்டு எழுதுவதை நிறையப் பார்க்கலாம், அமெரிக்காவில் ஈ இல்லாமல் யாருக்கும் எழுதுவார்கள். பிரிட்டன் பத்திரிகையான கார்டியனின் நடைக் கையேடு மட்டும் கொஞ்சம் நுணுக்கமாகப் பிரிக்கிறது: முடியின் நிறத்தைச் சொல்லும் பெயரடைக்கு ஆணானாலும் பெண்ணானாலும் ஈ வேண்டாம், பெண்ணையே குறிக்கும் பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் போடு.

என் ஓட்டு ஈ இல்லாத வடிவத்துக்கே. பெண்ணின் முடி என்பதால் ஈ போட வேண்டும், பிரெஞ்சு இலக்கணம் அப்படி என்று சிலர் வாதாடுவார்கள், ஆனால் பிரெஞ்சில் தலைமுடியைக் குறிக்கும் சொல்லே ஆண்பால், அதனால் ஒரு பெண்ணின் முடியைச் சொல்லும்போதும் அங்கே ஆண்பால் வடிவம்தான் வரும். அந்தப் பெண்ணைச் சொன்னால் ஈ உண்டு, அவள் முடியைச் சொன்னால் இல்லை. பிரெஞ்சுக்காரர்களே போடாத இடத்தில் நாம் ஏன் போட வேண்டும்?

எழுத்துக்கூட்டலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பொன்னிற முடியுள்ள பெண் என்பதும், பெண்ணையே 'ஒரு ப்ளாண்ட்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் ஆளே காணாமல் போய் முடி மட்டும் மிஞ்சுகிறது. ஆணை அப்படிச் சொல்வது அபூர்வம், பெண்ணைத்தான் சொல்கிறார்கள், அதற்கு முன்னால் 'டம்ப்' என்ற அடையைச் சேர்த்து, அழகுண்டு அறிவில்லை என்ற கேலியை எத்தனையோ காலமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொண்டால் அது அவர் விருப்பம். நாம் எழுதும்போது முடியைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அதுவும் முடியின் நிறம் அந்த இடத்துக்குத் தேவை என்றால் மட்டும்.

அப்புறம் ஃபேர். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'ஃபேர் மேன்' என்றால் பெரும்பாலும் வெளிர் நிற முடிக்காரர், 'டார்க்' என்றால் கருமுடிக்காரர். நம் காதில் இரண்டும் தோலின் நிறமாகத்தான் விழும். கல்யாண விளம்பரங்களும் முகப்பூச்சு விளம்பரங்களும் அந்தச் சொல்லை நமக்கு அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்தே அதை எடுத்துவிட்டது. ஆகவே பழைய ஆங்கில நாவல் படிக்கும்போது 'டார்க்' என்று வந்த பாத்திரத்தைக் கறுப்பர் என்று நினைத்துவிட வேண்டாம், வெள்ளைத் தோலும் கருமுடியும் உள்ளவராக இருக்கலாம்.

ப்ளாண்டும் ஃபேரும் எங்கே பிரிகின்றன என்பதற்குப் பசிபிக் கடலிலுள்ள சாலமன் தீவுகளைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே மக்களின் தோல் நல்ல கருமை, ஆனால் 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் பிறவியிலேயே பொன்னிற முடி. ஐரோப்பியக் கலப்பால் வந்திருக்கும் என்று பலர் நினைத்திருந்தார்கள், 2012இல் வெளியான ஆய்வு டிஒய்ஆர்பி1 என்ற மரபணுவில் ஐரோப்பியர்களிடம் இல்லாத தனி மாற்றம் ஒன்றுதான் காரணம் என்று காட்டியது. அந்தக் குழந்தைகளை ஃபேர் என்று எழுதினால் படிப்பவர் குழம்பிப்போவார், ப்ளாண்ட் என்றால் சரியாக இருக்கும்.

மற்ற சொற்கள் எல்லாம் சாயல் வித்தியாசம். கோல்டன் கொஞ்சம் புகழ்ச்சி கலந்தது. ஃப்ளாக்ஸன் ஆளி நாரின் வெளிர் மஞ்சள், இன்று படித்தால் பழைய வாடை அடிக்கும். ஸ்ட்ராபெரி ப்ளாண்ட் செம்மை ஓடிய பொன்னிறம். டர்ட்டி ப்ளாண்ட் என்பது அழுக்கு முடி அல்ல, பழுப்பை ஒட்டிய அடர்ந்த பொன்னிறம், வசை எதுவும் இல்லாத சாதாரண நிறப்பெயர்.

தமிழில் எழுதும்போது பொன்னிற முடி என்பதே போதும். செம்பட்டை என்று சிலர் போடுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. அது செம்பழுப்பு, அதோடு எண்ணெய் காணாமல் வறண்ட தலை என்ற எண்ணமும் கூடவே வரும்.