போலிங்கா, நோட்டிஃபையா? போஸ்ட்கிரெஸில் மாற்றங்களைப் பிடிக்க இரண்டு வழிகள்

ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 80 கணினிகள் வேலை செய்கின்றன. ஒரு கவுண்டரில் ஸ்டாக் குறைந்தால் மற்ற 79 திரைகளிலும் உடனே தெரிய வேண்டும். ஒவ்வொன்றும் 2 நொடிக்கு ஒருமுறை "புதுசா ஏதாவது உண்டா?" என்று கேட்பது போலிங். மொத்தம் நொடிக்கு 40 குவெரி. வரி மாறிய நேரத்தைக் குறிக்கும் ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இருந்தால் சுமாரான சர்வரே தாங்கிவிடும். சுமையைச் சொல்லி போலிங்கைத் திட்டுவது பெரும்பாலும் வீண். அதன் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

வரியில் நேர முத்திரை குத்தப் பயன்படும் 'நவ்' போஸ்ட்கிரெஸில் தருவது டிரான்சாக்‌ஷன் (சேர்ந்தே நிறைவேறும் மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கிய நேரத்தை; கமிட் ஆன, அதாவது மாற்றம் உறுதியாகி மற்றவர்களுக்குத் தெரியவரும், நேரத்தை அல்ல. 10:00:00-க்குத் தொடங்கிய ஒரு பில் 10:00:07-க்கு கமிட் ஆகிறது. நடுவில் 10:00:05-க்கு வந்த போலிங், 10:00:04 முத்திரையுள்ள வேறொரு வரியைப் பார்த்துவிட்டு, 'இனி இதற்குப் பிந்தையவை போதும்' என்று குறித்துக்கொள்கிறது. 10:00:00 முத்திரையுள்ள பில் அதன் கண்ணில் படவே படாது. வரிசை எண்ணை வைத்துத் தேடினாலும் இதே கதைதான். ஒவ்வொரு முறையும் 30 நொடி பின்னால் போய்ப் படித்து, ஏற்கெனவே வந்தவற்றைத் தள்ளுங்கள்; உங்கள் மிக நீண்ட டிரான்சாக்‌ஷனைவிட அந்த இடைவெளி பெரிதாக இருக்க வேண்டும். டெலீட் ஆன வரி குவெரியில் வரவே வராது என்பதால், அழிக்காமல் 'நீக்கப்பட்டது' என்று குறியிடுவதே வழி.

இரண்டாவது வழி நோட்டிஃபை: மாற்றம் செய்பவர் அனுப்பும் செய்தியை, லிசன் கட்டளை கொடுத்துக் காத்திருப்பவர்களுக்கு போஸ்ட்கிரெஸே தள்ளிவிடும். இதில் இந்தச் சிக்கல் இல்லை. கமிட் ஆன பிறகுதான் செய்தி போகும். ஆனால் சேமித்து வைக்காது. கேட்கும் கனெக்‌ஷன் அறுந்திருந்த நேரத்தில் போன செய்தி போனதுதான். அறுந்தது உடனே தெரிவதும் இல்லை: சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை ஃபயர்வால் சத்தமில்லாமல் கழற்றிவிடும், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லினக்ஸின் டிசிபி கீப்அலைவோ இயல்பாக 7200 நொடி கழித்துத்தான் முதல்முறை தட்டிப் பார்க்கும். அதை 30 நொடியாகக் குறையுங்கள். மீண்டும் இணையும்போது முதலில் லிசன், அது கமிட் ஆன பிறகு டேபிளைப் படிப்பது. வரிசை மாறினால் இடையில் வந்த மாற்றம் நழுவும்.

செய்திக்குள் முழு வரியையும் திணிக்க ஆசை வரும். வேண்டாம். இயல்பான அமைப்பில் அது 8000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் பிழை வந்து பில்லே ரோல்பேக் ஆகும், அதாவது ரத்தாகும். ஐடி மட்டும் அனுப்பினாலும், 50,000 வரி மாறும் விலை அப்டேட்டில் வரிக்கு வரி தானாக ஓடும் ட்ரிகர் 50,000 செய்திகளைக் கொட்டும். செய்தியைக் காலியாக விட்டால், ஒரே டிரான்சாக்‌ஷனில் திரும்பத் திரும்ப வருவதை போஸ்ட்கிரெஸே ஒன்றாக்கிவிடும். இன்னொன்று: லிசன் செய்த செஷன் டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துத் தூங்கினால் செய்தி வரிசை காலியாகாது. இயல்பாக 8 ஜிபி இடம் உண்டு. அது நிரம்பினால் நோட்டிஃபை உள்ள கமிட்டுகள் தோற்கும்.

ஆகவே இங்கே நோட்டிஃபை வாசல் மணி மட்டும், சரக்கு டேபிளில். மணி அடித்தால் அதே போலிங் குவெரியை ஓட்டுங்கள், அடிக்காவிட்டாலும் 60 நொடிக்கு ஒருமுறை ஓட்டுங்கள். அந்த 40 குவெரி, மாற்றம் இல்லாத நேரத்தில் 2-க்கும் கீழே வந்துவிடும். நடுவில் பிஜிபவுன்சர் (இணைப்புகளைப் பகிர்ந்து தரும் மென்பொருள்) டிரான்சாக்‌ஷன் முறையில் இருந்தால் லிசன் வேலை செய்யாது. அதற்கென்று நேரடி கனெக்‌ஷன் ஒன்று வேண்டும். ரெப்ளிகாவில் (டேட்டாபேஸின் படிக்க மட்டுமான நகல்) லிசன் கட்டளையே பிழை தரும். ரெப்ளிகா மட்டும்தான் கைக்கு எட்டும் என்றால் போலிங்தான், அந்த 30 நொடிப் பின்னோட்டத்தோடு.