ஆறு பேருக்கு ஏழு இருக்கை: இரண்டு செடான்களும் இரண்டு குடும்ப வண்டிகளும்

கார் வாங்கப் போகிறவர் ஷோரூமுக்குத் தனியாகப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 11 ஆண்டுகளுக்கு முன் நான் அப்படித்தான் போனேன். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தேன், கிளட்ச் மிதிக்க இதமாக இருந்தது, முன்பணம் கட்டிவிட்டு வந்துவிட்டேன். பின்னிருக்கையில் அம்மாவால் முழங்காலை மடக்கி உட்கார முடியவில்லை என்பது வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இந்த முறை அம்மாவையும் அழைத்துக்கொண்டு, 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றையும், ஊருக்குப் போகும்போது வழக்கமாக எடுத்துச்செல்லும் பெரிய சூட்கேஸையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

வீட்டில் நாங்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, நான், மனைவி, 13 வயது மகன், 8 வயது மகள். இருப்பது மதுரையில்; சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். ஆறு பேர் இருக்கும் வீட்டில், ஐந்து இருக்கையும் பின்னால் தனி டிக்கியும் கொண்ட தாழ்வான செடானைப் பார்ப்பானேன் என்று உறவினர்கள் கேட்டார்கள். கடந்த ஆண்டு நாட்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு பேரும் ஒன்றாகப் போன நாட்கள் 19 மட்டுமே: பொங்கல், குலதெய்வக் கும்பிடு, நான்கு திருமணங்கள், ஒரு கொடைக்கானல் பயணம். மீதி நாளெல்லாம் நான் தனியாகவோ பிள்ளைகளோடோதான் ஓட்டியிருக்கிறேன். 19 நாளுக்காக ஆண்டு முழுவதும் ஏழு இருக்கைகளைச் சுமந்து திரிய வேண்டுமா? இந்தக் கேள்வியோடுதான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். செடானில் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா. ஏழு இருக்கையில் மாருதி எர்டிகா, கியா காரன்ஸ் கிளாவிஸ்.

செடானின் பின்பக்கத்தைக் கூரை உயரத்துக்கு நீட்டிய ‘எஸ்டேட்’ வகைதான் உண்மையில் எனக்குப் பிடித்தது. டாடா எஸ்டேட், பலேனோ அல்டுரா, இண்டிகோ மரீனா என்று இங்கே மூன்று முயற்சிகளாவது நடந்தன, எதுவும் நிலைக்கவில்லை. அந்த இடத்தைத்தான் இன்று ஏழு இருக்கை வண்டிகள் பிடித்திருக்கின்றன.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஏழு இருக்கை என்றால் நீளமான வண்டி, தெருவில் நிறுத்த முடியாது என்று நானும் நம்பியிருந்தேன். நான்கில் நீளமானது சிட்டிதான்: 4583 மி.மீ. எர்டிகா அதைவிடச் சுமார் 15 செ.மீ. குட்டை. ஏழு இருக்கை வண்டி வளர்ந்திருப்பது உயரத்தில்தான். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் வண்டியைத் திருப்ப வேண்டியவருக்கு எர்டிகா ஒரு வரம். அதன் அகலமும் 1735 மி.மீ. மட்டுமே.

ஓட்டும் சுகத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். அழகர்கோவில் சாலையில் வெர்னாவை ஓட்டிய இருபது நிமிடமும் மனம் வேறெதையும் நாடவில்லை. தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் வளைவில் உடல் சாய்வதில்லை. கை நினைத்த இடத்துக்கு வண்டி போகிறது. சிட்டியின் 121 குதிரைத்திறன் என்ஜின் மிதிக்க மிதிக்க உற்சாகமாகிறது. வெர்னாவிலும் காரன்ஸிலும் இருப்பது ஒரே குடும்பத்து 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின். இரண்டிலும் 115 குதிரைத்திறன், 144 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (இழுக்கும் வலு). ஆனால் வெர்னாவில் துள்ளும் அதே என்ஜின், காரன்ஸில் ஆறு பேரோடு ஏறியதும் நிதானமாகிவிடுகிறது. கொடைக்கானல் ஏற்றத்தில் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். இந்த என்ஜினுக்குக் காரன்ஸில் ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது. அது வேண்டுமென்றால் டர்போ பெட்ரோல் என்ஜினுக்கோ டீசலுக்கோ போக வேண்டும். எர்டிகா 103 குதிரைத்திறன்தான், ஆனாலும் ஊருக்குள் ஓட்டக் களைப்பே தெரியவில்லை. ஓட்டுகிறவன் மட்டும் முடிவெடுப்பதாக இருந்தால் அன்றைக்கே வெர்னாவுக்குப் பணம் கட்டியிருப்பேன்.

அடுத்து அம்மாவின் முறை. அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். செடானில் ஏறும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்தார், தலையைக் குனிந்தார், வலது காலை உள்ளே வைத்தார், பிறகு ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தில்தான் முழு எடையும் ஒற்றை முழங்காலில் இறங்குகிறது. அதன்பின் கிணற்றுப் படியில் இறங்குவதுபோலத் தம்மைக் கீழே விட்டுக்கொண்டார். உட்கார்ந்த பிறகு குறையே இல்லை. சிட்டியின் பின்னிருக்கையில் காலை நீட்டி, “சோபா மாதிரி இருக்கிறதே” என்றார். ஆனால் இறங்கும்போது நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. இது ஒரு நிறுவனத்தின் குறையன்று; தாழ்வான வண்டி எல்லாவற்றுக்கும் உள்ள இயல்பு.

எர்டிகாவிலும் காரன்ஸிலும் இருக்கை அம்மாவின் இடுப்பு மட்டத்துக்கு வந்தது. முதுகைக் காட்டி நின்று, திண்ணையில் உட்காருவதுபோல அப்படியே உட்கார்ந்தார். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொண்டார். யாரும் கை கொடுக்கவில்லை. வெர்னாவின் வளைவுச் சுகம் எனக்குள் அடங்கியது அந்த நொடியில்தான்.

இனி டிக்கி. விளம்பரத் தாளில் இருக்கும் எண்களை நம்பி ஏமாறுவது இங்கேதான். சிட்டியின் டிக்கி 506 லிட்டர், வெர்னாவுக்கு 528. எர்டிகாவில் மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் மிஞ்சுவது 209 லிட்டர், காரன்ஸில் 216. அதாவது ஆட்கள் எல்லாரும் ஏறிவிட்டால் மூட்டைக்கு இடமில்லை; மூட்டைக்கு இடமுள்ள வண்டியில் ஆட்கள் எல்லாரும் ஏற முடியாது. ஒரு ஷோரூமில் மூன்றாம் வரிசையை மடக்கிவைத்துவிட்டு, “டிக்கியைப் பாருங்கள் சார், எவ்வளவு பெரிது!” என்று காட்டினார்கள். நிமிர்த்தச் சொன்னேன். அரிசி மூட்டையைச் செங்குத்தாக நிறுத்த முடிந்தது. பக்கத்தில் ஒரு துணிப்பை. சூட்கேஸை எப்படித் திருப்பினாலும் கதவு மூடவில்லை.

தீர்வு அதே இருக்கையில்தான் இருந்தது. இரண்டு வண்டிகளிலும் மூன்றாம் வரிசை நடுவில் பிரிந்து பாதி பாதியாக மடங்கும். எங்களுக்குத் தேவை ஆறு இடம்தான். முன்னால் இருவர், நடுவில் மூவர், பின்னால் ஒருவர் என்று உட்கார்ந்து, பின்வரிசையின் ஒரு பாதியை மடக்கிவிட்டால் சூட்கேஸ் நீளவாட்டில் உள்ளே போய்விடுகிறது. அதன் அருகில் அரிசி மூட்டை, அதன்மேல் பொங்கல் வைக்கும் வெண்கலப் பானை. ஆகவே ஆறு பேருக்கு வேண்டியது ஏழு இருக்கை வண்டி. நடுவரிசையில் இரண்டு தனி நாற்காலிகள் கொண்ட ஆறு இருக்கை வகை பார்க்க அரண்மனைபோல இருக்கிறது. ஆனால் அதில் ஆறு பேர் ஏறினால் பின்வரிசை முழுவதும் நிரம்பி, பெட்டிகள் கூரைக்குத்தான் போக வேண்டும். காரன்ஸ் வாங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை நன்றாக யோசித்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடுவில் மூன்று பேர் என்றதும் அகலம் முக்கியமாகிவிடுகிறது. காரன்ஸ் 1800 மி.மீ., எர்டிகாவைவிட 65 மி.மீ. அதிகம். தாத்தா, பாட்டி, பேத்தி மூவரும் உட்கார்ந்து பார்த்தபோது மூன்று விரற்கடை அளவே உள்ள அந்த வித்தியாசத்தை அப்பாவின் தோள் உணர்ந்தது. மூன்றாம் வரிசைக்கு ஏறும் வழியிலும் காரன்ஸ் ஒரு படி மேல்: மேல்நிலை வகைகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் நடுஇருக்கை முழுவதுமாகக் கவிழ்ந்து வழி விடுகிறது. எர்டிகாவில் அது முன்னோக்கி நகரும், அவ்வளவுதான். மகன் இரண்டிலும் ஏறினான். 13 வயதிலேயே அவன் முழங்கால் முன்னிருக்கையைத் தொடுகிறது. இன்னும் மூன்று ஆண்டில் அந்த இடம் தங்கைக்குத்தான். கூரையிலிருந்து பின்வரிசைக்குக் காற்று வருவதால் காரன்ஸில் அவன் வியர்க்காமல் இருந்தான். மதுரை வெயிலில் இதைச் சின்ன விஷயமென்று தள்ள முடியாது.

“செடானே வாங்கிவிடலாம், சின்னவளை மடியில் வைத்துக்கொண்டால் போகிறது” என்று ஒரு யோசனை வந்தது. இதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஐந்து இருக்கை என்றால் ஐந்து சீட் பெல்ட். மோதும்போது மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. ஆண்டில் 19 நாள்தான் என்பது இங்கே செல்லாது; விபத்துக்கு ஒரு நாள் போதும்.

மோதல் சோதனைகளில் வெர்னா முன்னே நிற்கிறது: 2023இல் குளோபல் என்கேப் என்ற வாகனப் பாதுகாப்பு அமைப்பின் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் 5 நட்சத்திரம். பழைய காரன்ஸ் 2022இல் 3 நட்சத்திரம் வாங்கியது. எர்டிகா 2019இல் 3. ஆப்பிரிக்கச் சந்தைக்கான வண்டி 2024இல் 1 மட்டுமே. அதன்பின் 2025இல் எர்டிகாவின் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. காரன்ஸில் அது தொடக்கம் முதலே இருக்கிறது. ஏழு இருக்கை வண்டிகள் இதில் இன்னும் மேலே வர வேண்டும். குடும்பத்தையே சுமக்கும் வண்டிக்குத்தான் அதிக நட்சத்திரம் தேவை.

பணக் கணக்கில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு வண்டிக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம்தான். வேறுபாடு வருவது சாலை வரியில். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்சம் வண்டிக்குச் சாலை வரி சுமார் 1.29 லட்சம், 10.5 லட்சம் வண்டிக்கு 1.89 லட்சம். வண்டி விலை கூடுவது 60,000, வரி கூடுவதும் 60,000! எர்டிகாவின் கீழ்நிலை வகைகள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன. மைலேஜிலும் அதுவே முதலிடம்: மேனுவல் கியரில் லிட்டருக்கு 20.51 கி.மீ. என்பது சான்றளிக்கப்பட்ட எண், வெர்னாவுக்கு 18.6, சிட்டிக்கு 17.8. சிக்கனம் பார்க்கிற வீட்டுக்கு எர்டிகாவைத் தயங்காமல் சொல்வேன்.

நாங்கள் காரன்ஸ் கிளாவிஸில் ஏழு இருக்கை வகையை எடுத்தோம், சாதாரண பெட்ரோல் என்ஜினோடு. டீசலின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு ஆசைதான். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நான்கைந்து கி.மீ. ஓடுகிற வண்டி இது. புகைக்கரியை எரித்துத் தீர்க்க டீசலுக்கு நீண்ட ஓட்டம் வேண்டும், இல்லையென்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பெற்றோர் ஊரில் இருந்து, நாங்கள் நால்வர் மட்டும் மதுரையில் இருந்திருந்தால் வாசலில் வெர்னா நின்றிருக்கும். முன்பதிவு செய்த அன்று அம்மா மறுபடி ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்தார், பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். வண்டி தை பிறப்பதற்குள் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வெண்கலப் பானையைத் துலக்கக் கொடுத்திருக்கிறோம்.